தகப்பன் போகாவிட்டால் தபாலாவது போகட்டும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு 16 வயது, பத்தாவது படிக்கிறான். அடிதடி வழக்கில் பிடித்து, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாகிறது. மச்சான், "கிடக்கட்டும், அரசாங்கம் சோறு போடுது, புத்தி வரட்டும்" என்று பார்க்கப் போக மறுக்கிறார். அக்காவையும் விடுவதில்லை. தாய்மாமன் நான் போனால் உள்ளே விடுவார்களா? போனில் பேசலாமா? முறுக்கு, அதிரசம் கொண்டுபோகலாமா?

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன)

அன்புள்ள தம்பி,

முதலில் திட்டிவிடுகிறேன். பையனின் பெயர், பள்ளி, வழக்கு எண், போட்டோ எல்லாம் அனுப்பி "அப்படியே போடுங்கள்" என்கிறீர்கள். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் அந்தப் போட்டோ கிடந்தால் இன்றைக்கே அழியுங்கள்.

நீங்கள் தாராளமாகப் போகலாம். இந்தச் சட்டத்தின் விதிகள் பெற்றோரோடு உறவினரையும் சேர்த்தே சொல்கின்றன. மாதம் ஒரு முறை என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேல் இல்லக் கண்காணிப்பாளர் மனது வைத்தால் உண்டு. சிக்கல் வாசலில்தான். அக்கா வீட்டு ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருக்காது, ஆதாரை மட்டும் நீட்டினால் "நீ யாருப்பா?" என்பார்கள். அக்கா கையெழுத்துப் போட்ட கடிதமும் அவர் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். பார்க்கும் நாளும் நேரமும் இல்லத்துக்கு இல்லம் மாறும். விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். போனையும் முறுக்கையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

உங்கள் மச்சானைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. செங்கல்பட்டு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் சேர்த்த 17 வயதுப் பையன் சில நாளிலேயே செத்துப்போனான், ஊழியர்கள் கைதானார்கள், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒருநபர் குழு போட்டது. அங்கேயும் அரசாங்கம்தான் சோறு போட்டது. ஆள் வந்துபோகும் பையன்மேல் கை வைக்க எவனும் கொஞ்சம் யோசிப்பான்.

இன்னொன்றும் அவர் காதில் விழட்டும். நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை என்று ஒன்று எழுதி, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொடுப்பார். சட்டம் இரண்டு வாரம்தான் கெடு வைக்கிறது, உங்கள் பையனுடையது இந்நேரம் போயிருக்கும். வீட்டு நிலவரம் முழுக்க அதில் இருக்கும். இந்தச் சட்டத்தில் ஜாமீன்தான் வழக்கம். மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும். வெளியே விட்டால் பையனுக்கே ஆபத்து என்பது அந்தக் காரணங்களில் ஒன்று. "தகப்பன் வேண்டாம் என்கிறார்" என்று அறிக்கையில் இருந்தால், அந்தக் காரணத்தை மச்சானே எழுதிக் கொடுத்த மாதிரி. அக்காவோடு போய் அலுவலரைப் பாருங்கள், பொறுப்பேற்க ஆள் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியவில்லை என்றால், நிபந்தனையை மாற்றக் குழுமத்தின் முன் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 12-ஆம் பிரிவே சொல்கிறது. வக்கீலுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியம். கடிதம் எழுதுங்கள். இதை ஏன் ஒரு குடும்பமும் செய்வதில்லை? பார்வைக்கு மாதக்கணக்கு உண்டு. பையனுக்கு வரும் கடிதத்துக்கு எண்ணிக்கை கிடையாது. அவனும் எழுதலாம். போனில் பேசினால் பக்கத்தில் ஆள் நிற்கும், மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் அழுகையில் போய்விடும். கடிதத்தை அவன் படுக்கையில் வைத்துப் பத்துத் தரம் படிப்பான்.

போஸ்ட் கார்டு வேண்டாம், வழியில் எல்லாரும் படிப்பார்கள். ஐந்து ரூபாய்க் கவரில் உங்கள் கடிதத்தோடு, உங்கள் விலாசம் எழுதிய இரண்டரை ரூபாய் இன்லண்ட் லெட்டர் ஒன்றை மடித்து வையுங்கள்; கவருக்கு 20 கிராம் வரை அதே விலைதான். பதில் எழுதத் தாள் தேட வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். மேலே பையன் பெயர், தகப்பன் பெயர், கண்காணிப்பாளர் மேற்பார்வை, இல்லத்தின் விலாசம். வழக்கு எண் வேண்டாம்.

உள்ளே வழக்கைப் பற்றி ஒரு வரி கூடாது. கண்காணிப்பாளர் பிரித்துப் படிக்கலாம், காரணத்தைப் பதிவு செய்துவிட்டு நிறுத்தியும் வைக்கலாம். "அன்னைக்கு உன்கூட யார் யார் இருந்தா" என்று பாசத்தில் கேட்பதுதான் அப்படிச் சிக்கும். புத்திமதியும் வேண்டாம், அது அங்கே மூன்று வேளையும் கிடைக்கிறது. ஆடு குட்டி போட்டது, எதிர்வீட்டுக்காரன் பைக்கை விற்றது, ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, தெருவில் இன்னும் தண்ணீர் வராதது, இப்படி எழுதுங்கள். அக்காவுக்கு எழுத வராவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவர் பேச்சைத் திருத்தாமல். வாரம் ஒன்று, ஒரே கிழமையில். பதில் வராவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கட்டும். வெட்கத்தில் எழுதாமல் இருப்பான். நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், அடுத்த முறை பார்க்கும்போது எத்தனை வந்தது என்று அவனையே கேளுங்கள். குறைந்தால் காரணம் எழுதிய பதிவைக் குழுமத்தில் கேட்கலாம்.

பத்தாவது என்றீர்களே, பரீட்சையை விட்டுவிடாதீர்கள். 98-ஆம் பிரிவில் பரீட்சைக்கென்றே மேற்பார்வையோடு விடுப்பு உண்டு, ஒரு தடவைக்கு ஏழு நாள் வரை, பயண நேரம் தனி. குடும்பத்தில் சாவு, உறவினர் கல்யாணம், பெற்றோருக்குக் கடும் நோய் என்றாலும் கேட்கலாம். கேட்டால்தான் உண்டு. ஹால் டிக்கெட் வந்ததும் நகல் எடுத்து, கால அட்டவணையும் சேர்த்து, அக்கா பெயரில் மனுவாகக் குழுமத்தில் கொடுங்கள்; பரீட்சைக்கு முந்தின நாள் கொண்டுபோய் நிற்காதீர்கள்.