கம்பெனி காலத்து வட சென்னையில் ஒரு காதல் நாவல்: நாயகியும் துணைப் பாத்திரங்களும் மனதில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த சமயத்தை வைத்து ஒரு சரித்திரக் காதல் நாவல். நாயகி காலடிப்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். படித்தவர்கள், "நாயகி அழகாக வந்து போகிறாள், அவ்வளவுதான். தோழி, துபாஷி, பாட்டி மூவரும் யார் யாரென்று மறந்துபோகிறது" என்கிறார்களாம். (துபாஷி என்றால் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்து, வணிகத்தையும் பார்த்துக்கொடுத்தவர்.) எங்கே பிழை? காதலுக்குத் தடையாக எதை வைக்கலாம்?

காலடிப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு நாயகியிடமிருந்து தொடங்கலாம். திருவொற்றியூர்ச் சங்கிலியார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த பெண். இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை அவளுக்காக நடக்கிறது. பெரிய புராணத்தில் அவள் வரும் பகுதியைப் பக்தியை ஒதுக்கிவைத்து, கதை கட்டும் முறைக்காக மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது சம்மதிக்காமல், ஒற்றியூர் வந்து கன்னிமாடத்தில் தங்கிக் கோயிலுக்குப் பூத்தொடுக்கிறாள். சுந்தரர் அவளைப் பார்ப்பது அந்தப் பூத்தொடுக்கும் இடத்தில்தான். இருவரும் சந்திப்பதற்கென்று ஆசிரியர் தனியாக ஒரு நந்தவனம் போடவில்லை. அவள் வேலையே சந்திக்க வைக்கிறது. சிவபெருமான் கனவில் வந்து சுந்தரரை மணந்துகொள் என்றதும் அவள் உருகிவிடவில்லை. அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்று, அவர் ஏற்கெனவே மணந்த பரவையாரை மனதில் வைத்து நயமாகச் சொல்கிறாள். ஒற்றியூரை விட்டுப் பிரியமாட்டேன் என்ற சத்தியம் இந்தப் பேச்சிலிருந்து பிறப்பதுதான். சுந்தரரோ, சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியில் இல்லாமல் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே இறைவனிடம் கேட்டுக்கொள்கிறார். மறுநாள் அவர் சந்நிதியை நோக்கி நடக்க, சங்கிலியின் தோழியர் குறுக்கிடுகிறார்கள்: இதற்காக இறைவன் திருமுன் சத்தியம் வேண்டாம், மகிழின் கீழே செய்தால் போதும். அந்த ஒரு பேச்சில் கதை திரும்பிவிடுகிறது. பிறகு அவர் வாக்கை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போகிறது.

உங்கள் நாவலில் இல்லாதவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நாயகிக்கு ஒரு தொழில், மணமாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அவள் வாயால் ஒரு நிபந்தனை, அதை மீறினால் ஒரு விலை. தோழியருக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் அவர்களை எடுத்துவிட்டால் கதை நின்றுவிடும்.

இப்போது உங்கள் நாயகி. காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் ஏற்படுத்திய நெசவாளர் குடியிருப்பு. காலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. அப்படியானால் 1746-இல் அது ஒரு தலைமுறையே ஆன ஊர். தொன்றுதொட்டு எங்கள் ஊர் என்று நாயகியின் பாட்டி பேசினால் தவறு. பாட்டி வேறெங்கிருந்தோ குடிவந்தவள். குடிவந்தபோது கம்பெனி என்ன சொல்லி அழைத்தது, அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற கணக்கு அவள் மனதில் இருக்கும். பாட்டிக்குப் பாத்திரம் இங்கேயே கிடைத்துவிட்டது. வெற்றிலை இடித்துக்கொண்டு பழமொழி சொல்வது மட்டும் அவள் வேலை இல்லை.

நாயகி நெசவு வீட்டுப் பெண் என்றால் அவள் கை எதைச் செய்யும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்வது பெரும்பாலும் ஆண். நூல் இழைப்பது, தார் சுற்றுவது, பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, இழை சேர்ப்பது, அறுந்த இழையை முடிவது பெண்கள் பக்கம். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி பூசும்போது வீடே வெளியே இருக்கும். மழை வந்தால் அந்தப் பாவு போயிற்று. எனவே ஐப்பசி மழை அவளுக்குக் காதல் பருவம் இல்லை. முன்பணம் வாங்கிய துணியைக் குறித்த நாளில் கொடுக்க முடியாத பருவம். உங்கள் வரைவில் மழை பெய்யும்போது அவள் வாசலில் நனைந்து சிரிக்கிறாள் என்று வைத்திருந்தால், அங்கேதான் அவள் பொம்மையாகிறாள்.

காதல் காட்சியையும் இந்தத் தொழிலுக்குள்ளேயே வைக்கலாம். நெசவாளருக்கு முன்பணம் வணிகர்கள் வழியாக வந்தது. முடிந்த துணியைக் கம்பெனியின் ஜார்ஜ் கோட்டையில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தரம் குறைந்தால் விலை குறையும், அல்லது துணி திரும்பிவிடும். உங்கள் நாயகன் துபாஷியிடம் கணக்கெழுதும் இளைஞன் என்றால், அவன் முதலில் அவள் வீட்டுத் துணியைத் தள்ளியவனாக இருக்கட்டும். அவள் துணியை விரலால் தடவி, இந்த விரற்கடைக்கு இத்தனை இழை என்று அவன் முன்னால் எண்ணிக் காட்டட்டும். அவன் தோற்றுப்போவதை வாசகர் பார்க்க வேண்டும். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன என்ற வாக்கியம் அதற்குப் பிறகு தேவைப்படாது.

வயது பற்றி ஒரு வார்த்தை. அக்காலத்தில் பல சமூகங்களில் சிறுமியாக இருக்கும்போதே மணம் முடித்துவிடுவார்கள். நாயகி இருபத்திரண்டு வயதுப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த வயதில் அவள் ஏன் தனித்திருக்கிறாள் என்ற காரணம் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட வேண்டும். இளம் விதவை, வீட்டுக் கடனுக்காக மணம் தள்ளிப்போனவள், மாப்பிள்ளை கப்பலோடு போய்த் திரும்பாதவள், இப்படி ஏதாவது ஒன்று. அந்தக் காரணமே பின்னால் காதலுக்கு முட்டுக்கட்டையாகவும் வர வேண்டும். காரணத்தைச் சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் முதல் நாவலில் அடிக்கடி நடக்கும் பிழை.

1746-ஐத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு, ஏனென்றால் அந்த ஆண்டு தானாகவே கதைக்கு ஒரு கடிகாரம் தருகிறது. செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் வந்து கோட்டை விழுகிறது. அக்டோபரில் பெரும் புயல் அந்தக் கப்பல்களைச் சிதறடிக்கிறது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரை சோழமண்டலக் கரையில் கப்பல்கள் நிற்கப் பயப்படும். ஆக, காதலன் கடல் வழியே போய்விட்டால் தை பிறக்கும் வரை சேதி வராது. இந்த இரண்டு மூன்று மாத மௌனத்தில் நாயகி எடுக்கும் முடிவுதான் நாவலின் நடுப்பகுதி. நகரம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்புவது 1749-இல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அப்போது ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியையும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் மாறியது 1752-இல். அதுவரை அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. ஆகவே கோட்டை ஆவணத்தில் ஒரு தேதியும் புதுச்சேரி ஆவணத்தில் வேறொரு தேதியும் இருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் இரண்டிலிருந்தும் தேதி எடுத்தால், கடிதம் எழுதும் முன்பே நாயகிக்குப் பதில் வந்துவிடும். நாவல் முழுக்க ஒரே நாட்காட்டியில் குறிப்பு எழுதிவைத்து, பாத்திரங்கள் வாயில் தமிழ் மாதமும் திதியும் மட்டும் வரவிடுங்கள். நேரத்துக்கு நாழிகை: ஒரு நாழிகை 24 நிமிடம். காலடிப்பேட்டையிலிருந்து கோட்டைக்கு நாலைந்து மைல். நடந்தால் நாலைந்து நாழிகை. பணத்தில் வராகன், பணம், காசு மூன்றும் உண்டு. ஒரு பணத்துக்கு 80 காசு. வராகனுக்கு எத்தனை பணம் என்பது காலத்துக்குக் காலம் மாறியது, 42 என்பது பிற்காலக் கணக்கு. கதைக்குள் மாற்று விகிதம் பேசாமல், ஒவ்வொரு தொகையையும் ஒரே நாணயத்தில் சொல்லிவிட்டால் தப்பு வராது.

இடமும் அப்படித்தான். 1746-இன் கறுப்பர் நகரம் கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்தது, ஏறக்குறைய இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம். நாம் இன்று பாரிமுனைக்கு வடக்கே நடக்கும் தெருக்கள் அப்போது முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை. ஜார்ஜ் டவுன், பிராட்வே, வால்டாக்ஸ் ரோடு எல்லாம் பிறகு வந்த பெயர்கள். நாயகியை பிராட்வேயில் நடக்கவிட்டால் வட சென்னை வாசகர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இனித் துணைப் பாத்திரங்கள். நாயகியின் காதலைத் தவிர ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணக்கு வேண்டும். உங்கள் துபாஷியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் வந்ததும் கறுப்பர் நகர வணிகர்களைப் புதுச்சேரிக்கு வரச்சொல்லி அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே வற்புறுத்தினார். போனால் கம்பெனியிடம் வரவேண்டிய பாக்கி போகும். இருந்தால் சரக்கு போகும். இந்தத் தவிப்பு துபாஷிக்கு இருந்தால், அவர் நாயகனை ஒரு நாள் காப்பாற்றி மறுநாள் காட்டிக்கொடுப்பது இயல்பாக நடக்கும். கெட்டவன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் எப்படிப் பேசுவார் என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. 1709-இல் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் துபாஷியாக உயர்ந்தவர், 1736-இலிருந்து எழுதியிருக்கிறார். உங்கள் கதை நடக்கும் அதே மாதங்களுக்கு அவர் தமிழ் கிடைக்கிறது. அதிலுள்ள சொற்களைவிட, பயம், கணக்கு, மரியாதை மூன்றும் ஒரே வாக்கியத்தில் எப்படி வருகின்றன என்பதைக் கவனியுங்கள்.

தோழியை நாயகியின் எதிரொலியாக வைக்காதீர்கள். "அவர் உன்னையே பார்க்கிறாரடி" என்று சொல்வதற்கு ஒரு பாத்திரம் வீண். துணி வெளுக்கும் வீட்டுப் பெண்ணைத் தோழியாக்கலாம். வண்ணாரப்பேட்டையின் பெயரே கம்பெனி ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்களால் வந்தது. வீட்டுத் துணி எடுக்கும் குடும்பம் என்றால் எந்த வீட்டில் பெண் பெரியவளானாள், எங்கே பிள்ளை பிறந்தது, எங்கே சாவு என்பது முதலில் அவளுக்குத்தான் தெரியும். சேங்கொட்டைச் சாறில் போடும் குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது. காணாமல்போன நாயகனின் மேல்துணி ஒரு மூட்டையில் வர, அந்தக் குறியை அவள் படித்து, சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு இரவு முழுக்க விழித்திருந்தால், அந்த அத்தியாயம் நாயகியுடையது அல்ல, அவளுடையது. நாவலில் இரண்டு அத்தியாயமாவது இப்படி வேறொருவருக்குச் சொந்தமாகட்டும்.

படகுக்காரர் இல்லாமல் இந்தக் கரையில் கதை நகராது. துறைமுகம் கிடையாது, கப்பல் தள்ளி நிற்கும், அலையைத் தாண்டிக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள், அலை மோதும்போது பலகை வளைந்துகொடுக்கட்டும் என்று. கட்டுமரக்காரர்கள் பனையோலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் கொண்டுபோவார்கள். காதல் கடிதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு எச்சரிக்கை: மசூலாவில் துடுப்புப் போட்டவர்கள் ஆண்கள். படகோட்டும் பெண் ஒருத்தி, கல்கியின் பூங்குழலி, ஏற்கெனவே தமிழ் வாசகர் மனதில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு போட்டிக்குப் போனால் உங்கள் பெண் நகலாகிவிடுவாள்.

நாயகனை விரும்பும் இன்னொரு பெண்ணை வில்லியாக்காதீர்கள். மறுபடியும் சேக்கிழாரிடம் போங்கள். பரவையாரின் கோபத்தை அவர் தப்பென்று சொல்லவில்லை. அந்தக் கோபத்தைத் தணிக்க சிவபெருமானே ஒரே இரவில் இரண்டு தடவை தூது நடக்கிறார். முதல் தடவை பரவையார் மறுத்து அனுப்பிவிடுகிறார். மறுக்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்கும் கொடுத்ததால்தான் இருவருமே நிற்கிறார்கள்.

தடை எதுவாக இருக்கட்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆற்காட்டு நவாபின் படையும் பீரங்கியும் பின்னணியில் போதும். சாதிகள் இரண்டு அணியாக நின்ற வலங்கை இடங்கைப் பிரிவைப் பயன்படுத்துங்கள். 1707-இல் பெரும் கலகமே மூண்டு, எந்தத் தெரு எந்தப் பக்கத்துக்கு என்று பிரித்துக்கொடுக்கும்வரை போனது. ஒரு கல்யாண ஊர்வலம் தெரு மாறினால் ரத்தம் சிந்தும் காலம். பாட்டி கறுப்பர் நகரத்திலிருந்து காலடிப்பேட்டைக்குக் குடிவந்தவள் என்று வைத்தால், 1746-இல் அவளுக்கு அது நேரில் பார்த்த நினைவு. காதலர்கள் இரண்டு பக்கத்தவர் என்றால், ஊர்வலம் எந்த வழியாகப் போகும் என்ற ஒரு கேள்வியே கடைசி மூன்று அத்தியாயத்தைத் தாங்கும்.

பேச்சுமொழியில் இன்றைய மெட்ராஸ் பாஷையை அப்படியே 1746-இல் கொட்ட வேண்டாம். ஜன்னல், சாவி, மேசை போன்ற போர்ச்சுகீசியச் சொற்களும் பழவேற்காட்டு டச்சுக்காரர் விட்டுப்போன துட்டும் தாராளமாக வரலாம். கறுப்பர் நகரத்தில் தெலுங்கு நிறையப் புழங்கியது, ஆகவே நைனா பொருந்தும். ஆங்கிலச் சொல் துபாஷி வாயில் மட்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஒரு பேச்சுப் பழக்கம் கொடுத்தால் போதும். மூன்று கொடுத்தால் வேஷமாகிவிடும். அடுப்படியில் மிளகாய் இருக்கலாம். தக்காளி, காப்பி, தீக்குச்சி, மண்ணெண்ணெய் விளக்கு கூடாது.

வரைவை இப்படிச் சோதியுங்கள். ஒவ்வொரு துணைப் பாத்திரத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, எதிரே அவர் கதையைத் திருப்பிய இடத்தின் பக்க எண்ணைக் குறியுங்கள். எண் இல்லாதவர்களை வேறொருவரோடு சேர்த்துவிடுங்கள். இந்த அளவு நாவலுக்கு ஆறு பேர் தாராளம். நாயகிக்கு வேறொரு தாள்: அவள் மறுத்த இடங்கள், அவள் கேட்ட விலை, அவள் செய்த ஒரு தப்பு. தப்பு என்ற வரி காலியாக இருந்தால் அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள். தரம் தள்ளப்பட்ட துணியை அவள் ஆத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் பக்கம் விற்றுவிட்டாள் என்று வைத்தாலே, 1749-இல் ஆங்கிலேயர் திரும்பி வரும்போது அவள் என்ன ஆவாள் என்ற கேள்வி எழுந்துவிடும்.