முதலில் ட்ரக் கதவைத் திறந்து பாருங்கள், ட்ரெய்லர் அப்புறம்

கேள்வி: நானும் மனைவியும் டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். அடுத்த ஆண்டு இருவருக்கும் பணி ஓய்வு. வீட்டை விற்றுவிட்டு இரண்டு மூன்று வருடம் ஆர்.வி.யிலேயே (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) வாழ்ந்து ஊர் சுற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெரிய வண்டி வேண்டாம், 28 அடிக்குள் ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் போதும். எங்களிடம் ஃபோர்டு எஃப்-150 ட்ரக் இருக்கிறது. மனைவிக்குப் பிடித்த ட்ரெய்லரின் மொத்த எடை வரம்பு 9,500 பவுண்டு. எஃப்-150 போன்ற "ஹாஃப் டன் ட்ரக்கே தாராளமாக இழுக்கும்" என்று விற்பனையாளர் உறுதியாகச் சொல்கிறார். தினமும் வீட்டுச் சமையல்தான். வாங்கலாமா?

பதில்: உங்கள் ட்ரக் அந்த வண்டியை இழுத்துவிடும். ஆனால் அதன் எடையைத் தாங்காது. இழுப்பதும் தாங்குவதும் வேறு வேறு கணக்கு. விற்பனையாளர் முதலாவதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

சாதாரண ட்ரெய்லரை ட்ரக்கின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார்கள். ஃபிஃப்த் வீலை ட்ரக்கின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே மாட்டுகிறோம். அதனால்தான் நெடுஞ்சாலையில் அது ஆடாமல் அமைதியாக வருகிறது. அதற்கு விலையாக, ட்ரெய்லரின் எடையில் சுமார் 20 சதவீதம் நேராக ட்ரக்கின் மேல் இறங்குகிறது. 9,500 பவுண்டில் அது 1,900 பவுண்டு.

இப்போது ட்ரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் உங்கள் ட்ரக்கின் பேலோடு. விளம்பரப் புத்தகத்தில் இருக்கும் எண் வேறு ஏதோ ஒரு எஃப்-150க்கு உரியது. உங்கள் வண்டியில் சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று எது கூடியிருந்தாலும் பேலோடு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். எடுத்துக்காட்டாக ஸ்டிக்கரில் 1,650 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் 310, ஹிட்ச் (தொட்டிக்குள் ட்ரெய்லரை மாட்டும் பிடிப்பு) 150. மீதி 1,190. ட்ரெய்லரிலிருந்து இறங்கப்போவதோ 1,900. எந்தப் பொருளும் ஏற்றாமலே வரம்பு தாண்டிவிட்டது. இதே ட்ரக்கை வைத்துக்கொண்டால், எல்லாம் ஏற்றிய பிறகு சுமார் 6,000 பவுண்டுக்குள் நிற்கும் ட்ரெய்லரைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அந்த எடையில் உருப்படியாக இருப்பவை ஃபைபர் கிளாஸ் ஓடு கொண்ட வண்டிகள். மினசோட்டாவில் செய்யப்படும் ஸ்கேம்ப் 19 அடி வண்டியும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் எஸ்கேப் 5.0 வண்டியும் அந்த வகை. கூரையும் சுவரும் அச்சில் வார்த்த பெரிய ஓடுகளாக இருப்பதால் இணைப்புகள் குறைவு, தண்ணீர் கசிய வழியும் குறைவு. ஆர்.வி.யைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் இதை நான் பெரிய பலமாகவே பார்க்கிறேன். ஆனால் இடம் மிகவும் சின்னது. ஹிட்ச்சுக்கு மேலே இருக்கும் படுக்கைக்குத் தவழ்ந்துதான் போக வேண்டும். மூட்டுவலி இருப்பவர்கள் இரவில் இரண்டு முறை எழுந்து இறங்குவதை யோசித்துப் பார்க்க வேண்டும். நிரந்தரமாக வாழ இது போதும் என்று சொல்லும் தம்பதிகளும் உண்டு, மூன்றே மாதத்தில் விற்றவர்களும் உண்டு. வாங்கும் முன் ஒரு வாரமாவது வாடகைக்கு எடுத்து, இதே போன்ற அளவுள்ள வண்டியில் இருந்து பாருங்கள்.

மனைவிக்குப் பிடித்த வண்டிதான் வேண்டும் என்றால் ட்ரக்கை மாற்றுங்கள். அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. முக்கால் டன் (ஹாஃப் டன்னுக்கு அடுத்த பெரிய வகை) டீசல் என்றால் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. டீசல் என்ஜினே கனமானது. பல முக்கால் டன் டீசல் ட்ரக்குகளின் ஸ்டிக்கரில் 2,000 பவுண்டை ஒட்டித்தான் பேலோடு இருக்கும். அதற்கும் அடுத்த வகையான ஒரு டன் ட்ரக் விலையில் பெரிதாக வித்தியாசப்படாது, பேலோடு மட்டும் நன்றாகக் கூடும். பழையதோ புதியதோ, ஒரு டன் ட்ரக்கையே வாங்கச் சொல்வேன். ட்ரக்கின் சரக்குத் தொட்டி குட்டையாக இருந்தால் கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெய்லரின் முனை ட்ரக்கின் பின்கண்ணாடியில் இடிக்கும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க, பின்பக்கமாக நகரும் ஸ்லைடர் ஹிட்ச் வேண்டும். அதன் எடையையும் கணக்கில் சேருங்கள்.

சரி, ட்ரக் முடிந்தது. ட்ரெய்லரிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் உண்டு. எவ்வளவு சரக்கு ஏற்றலாம், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதில் எவ்வளவு போய்விடும் என்று இரண்டையும் அதுவே சொல்லும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 50 கேலன் தொட்டி நிறைந்தால் 415 பவுண்டு போயிற்று. வார இறுதிக்குப் போகிறவருக்கு 1,000 பவுண்டு சரக்கு இடமே அதிகம். நீங்கள் குளிர்கால உடை, மருந்து, கருவிப்பெட்டி, பூஜைச் சாமான், மூட்டை அரிசி, வெட் கிரைண்டர் எல்லாவற்றோடும் குடியேறுகிறீர்கள். 1,500 பவுண்டுக்குக் கீழே இருக்கும் எதையும் நிரந்தர வாழ்க்கைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கிய பிறகு எல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்னும் எடைமேடையில் ஒரு தடவை எடை போட்டுவிடுங்கள்.

சமையலைப் பற்றி நீங்களே எழுதியிருப்பது நல்லது. விற்பனைக் கூடத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. கேஸ் எரிந்தாலே நீராவி உண்டாகும். அதோடு இட்லி ஆவியும் தாளிப்பு எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் 28 அடிக்குள் சுவரும் மெத்தைக்கு அடியும் ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் மின்விசிறி வெளியே தள்ளுகிறதா, அதே காற்றை வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று வெளிச்சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கூரையில் வேகமான விசிறி ஒன்று கட்டாயம் வேண்டும். தாளிப்பை வெளியே ஒரு சின்ன அடுப்பில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இண்டக்ஷன் அடுப்புக்கு மாறலாம் என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். 30 ஆம்ப் வண்டிக்கு மொத்தமே 3,600 வாட். ஏ.சி. ஒன்றுக்குச் சுமார் 1,500, அடுப்புக்கு 1,800. அதற்கு மேல் மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழும். 50 ஆம்ப் இணைப்பில் 12,000 வாட் வரை கிடைக்கும். டெக்சாஸ் கோடையில் இரண்டு ஏ.சி. இல்லாமல் பகலில் உள்ளே இருக்க முடியாது என்பதால் உங்களுக்கு 50 ஆம்ப் வண்டியே சரி. ஸ்லைடுகளை (நிறுத்திய பிறகு வெளியே நீட்டிக்கொள்ளும் அறைப்பகுதிகள்) உள்ளே இழுத்து வைத்தபடியே ஒரு தடவை உள்ளே நடந்து பாருங்கள். வழியில் ஓய்வு நிறுத்தத்தில் கழிப்பறைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் போக முடியாத வண்டி உங்களுக்கு ஆகாது.

கையெழுத்துப் போடும் முன் உத்தரவாதப் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். வண்டியையே வீடாக்கி வாழ்ந்தால் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். விற்பனையாளர் வாயால் சொல்லும் சமாதானம் அங்கே உதவாது, நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டிலும் இதே கதை. நிரந்தரமாக வாழ்பவர்களுக்கென்று தனி பாலிசி உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். அதில்தான் உள்ளே இருக்கும் உங்கள் பொருளுக்கும் விருந்தாளி விழுந்து அடிபட்டால் வரும் செலவுக்கும் பாதுகாப்பு இருக்கும்.

டெக்சாஸ் முகவரியை விட வேண்டியதில்லை. லிவிங்ஸ்டனில் இருக்கும் எஸ்கேப்பீஸ் அமைப்பு ஆர்.வி. வாசிகளின் அஞ்சலை வாங்கி அனுப்பும் வேலையைப் பல காலமாகச் செய்துவருகிறது.

கேள்வி: புதியது வாங்குவதா, பழையதா? கடன் 20 வருடத்துக்குத் தருகிறார்கள். (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: 20 வருடக் கடன் எடுக்காதீர்கள். புதிய ட்ரெய்லரின் மதிப்பு முதல் சில வருடங்களில் வேகமாக இறங்கும், கடன் மெதுவாகத்தான் இறங்கும். நடுவில் விற்க நேர்ந்தால் வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து பணமும் கொடுக்க வேண்டிவரும்.

நான்கைந்து வருடம் ஓடிய வண்டியே என் தேர்வு. 2021இல் மட்டும் அமெரிக்காவில் 6 லட்சம் ஆர்.வி.கள் ஆலைகளிலிருந்து வெளியேறின. அதுவரை இல்லாத உச்சம். அந்த அவசரத்தில் செய்தவற்றை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். என்.ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. பரிசோதகர்களின் தேசியச் சங்கம்) சான்று பெற்ற பரிசோதகரை நீங்களே பணம் கொடுத்து அழைத்து வாருங்கள். அவர் வருவதற்கு முன்பே மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழேயும் விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். டயரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2321 என்றால் 2021இன் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இன்னொன்று: 10 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்காத ஆர்.வி. பார்க்குகள் உண்டு. நிறைய வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதையும் யோசியுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃபிஃப்த் வீல் இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: ஃபிஃப்த் வீலின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டாவிட்டால் சாதாரண சி வகுப்பே போதும். 10,000க்கு மேல் 15,000 வரை என்றால் அதே லைசென்ஸில் கூடுதல் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு. 15,000க்கு மேல் போனால் வணிகம் அல்லாத ஏ வகுப்பு லைசென்ஸ் வேண்டும். வண்டி காலியாக இருக்கிறது என்பது கணக்கில் வராது, ஸ்டிக்கரில் இருக்கும் வரம்பைத்தான் பார்ப்பார்கள்.