புளூபெல் காட்டில் குட்டி நாயோடு ஜியோகேச் தேடலாமா?

ஏப்ரல் பாதியிலிருந்து மே பாதி வரை இங்கிலாந்தின் காடுகளில் புளூபெல் என்ற நீல மணிப்பூ பூக்கும். எங்கள் நாய் 'மிளகு' ஒரு டாக்ஷண்ட், குட்டைக் கால் சின்ன இனம்; அதோடு ஆஷ்ரிட்ஜ் காட்டுப் பக்கம் நான் அதிகம் நடப்பது அப்போதுதான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அக்கா, ஜியோகேச்சிங் என்றால் என்ன? நாய்க்கு அதில் என்ன இருக்கிறது? (ஹாரோ)

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. ஓரிரு நாளிலேயே ஓரிகானில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்தார், அதுதான் ஆரம்பம். நாய்க்கு என்ன லாபம் என்றால், நாம் நிற்கிறோம்! குட்டி நாய்க்கு நடையை விட மோப்பம்தான் முக்கியம். நாம் டப்பா தேடும் பத்து நிமிடமும் அதற்குத் திருவிழா.

கயிறு கட்டாயமா? (லெஸ்டர்)

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இங்கிலாந்தில் 'திறந்த அனுமதி நிலம்' (பாதையை விட்டும் யாரும் நடக்கலாம் என்ற நிலம்) என்று குறித்த இடங்களில் 2 மீட்டருக்கு மேல் போகாத கயிறு சட்டப்படி கட்டாயம். மற்ற காடுகளிலும் கட்டியே கூட்டிப்போங்கள். சிஃப்சாஃப் போன்ற பறவைகள் தரையை ஒட்டியே கூடு கட்டும். சின்ன நாய்தானே என்று தாய்ப்பறவை சும்மா இருக்காது, கூட்டை விட்டுப் பறந்துவிடும்.

உண்ணிக்குப் பயமாக இருக்கிறது. (ஈஸ்ட் ஹாம்)

பயப்பட வேண்டாம், கவனம் போதும். ஆனால் குட்டை நாய்க்கு ஆபத்து கூடுதல்தான், வயிறே புல்லில் உரசுகிறதே. போன வருடம் மிளகின் காது மடிப்பில் எள் அளவு ஒன்று கையில் தட்டுப்பட்டது. மரு என்று நினைத்தேன்; டார்ச் அடித்துப் பார்த்தால் கால்கள்! வீடு வந்ததும் காது, அக்குள், விரல் இடுக்கு, தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி எடுக்கும் கொக்கியைத் தோலை ஒட்டிச் செருகி, மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். நசுக்கக் கூடாது, வாஸலின் பூசக் கூடாது, சூடு வைக்கவே கூடாது. லைம் என்ற பாக்டீரியா நோய் உண்ணி கடித்துத்தான் வரும். தடுப்பு மாத்திரைக்கு கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

புளூபெல்லை நாய் தின்றால்?

விஷம். கிழங்கு, இலை, பூ எல்லாமே. பக்கத்திலேயே முளைக்கும் காட்டுப் பூண்டும் நாய்க்கு ஆகாது. தின்றுவிட்டால் காத்திருக்காமல் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். பூக்களுக்குள் இறங்கவும் வேண்டாம், மிதிபட்ட புளூபெல் தேறிவர வருடக்கணக்காகும். டப்பா பூக்களுக்கு நடுவில்தான் இருக்கும் போலத் தெரிந்தால், ஜூனில் போய்க்கொள்ளலாம்.

போன் 'வந்துவிட்டது' என்கிறது, டப்பாவைக் காணோமே அண்ணி? (க்ராய்டன்)

மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் பத்து மீட்டர் வரை கூடத் தள்ளிக் காட்டும். போனைப் பையில் போடுங்கள். நீங்கள் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்? வேர்ப் பொந்து, விழுந்த மரத்தின் அடிப்பக்கம், இயற்கையாக விழாத மாதிரி அடுக்கிய குச்சிகள். நாயை முதலில் மூக்கை நுழைக்க விடாதீர்கள்; வெயில் காயும் ஆடர் என்ற விஷப்பாம்பு இருக்கலாம். சொந்தப் பேனா கொண்டுபோங்கள்.

அடுத்து வருபவருக்குப் பரிசாக டப்பாவில் நாய் பிஸ்கட் விட்டுவரலாமா?

வேண்டாம். உணவுப் பொருள் எதுவும் கூடாது, அணில் டப்பாவையே கடித்துவிடும். சின்ன ரப்பர் பந்து வையுங்கள்.