கர்ப்பகாலச் சர்க்கரை: யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது?

கேள்வி: ஆறாம் மாதப் பரிசோதனையில் என் மனைவிக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். இது அரிதான ஒன்றா, டாக்டர்?

பதில்: அரிதே இல்லை. உலக அளவில் ஏறத்தாழ ஏழு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருவதாகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-ல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவர் வீ. சேஷய்யா குழுவினர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடும், புறநகரில் 13.8 விழுக்காடும், கிராமத்தில் 9.9 விழுக்காடும் இருந்தது. கிராமம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் அந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்; அங்கும் பத்தில் ஒருவர்.

கேள்வி: மசக்கையில் மாம்பழமும் இனிப்பும் அதிகம் சாப்பிட்டதால்தான் வந்தது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை; அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். குழந்தைக்கு உணவு தடையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். பெரும்பாலோருடைய கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாதவர்களுக்கே சர்க்கரை ஏறுகிறது. அதனால்தான் நஞ்சுக்கொடி வளர்ந்து ஹார்மோன்கள் கூடும் 24 முதல் 28 வாரங்களில் இது அதிகம் பிடிபடுகிறது. வந்த பிறகு உணவில் கட்டுப்பாடு தேவை என்பது வேறு விஷயம். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்ற உபசரிப்பை அப்போது அன்போடு மறுத்துவிடலாம்.

கேள்வி: எனக்கு 24 வயது, ஒல்லியான உடல்வாகு, குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை. நானும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: கட்டாயம் செய்துகொள்ளுங்கள். கூடுதல் வயது, கர்ப்பத்துக்கு முன்பே இருந்த அதிக எடை, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குச் சர்க்கரை, சினைப்பை நீர்க்கட்டி, முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் தெற்காசியராகப் பிறந்ததே ஓர் ஆபத்துக் காரணி. பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடலமைப்பு நம்மிடையே அதிகம். ஆகவே, ஆபத்து உள்ளவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பரிசோதிக்கும் முறை நமக்குப் பொருந்தாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை என்று தமிழ்நாடு 2007-லேயே முடிவெடுத்தது சரியானது என்பேன்.

சோதனை எளிதானது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால், அதை மறைக்காமல் சொல்லிவிட்டு மறுநாள் மீண்டும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு மணி நேர அளவு 146. ஒரு மருத்துவர் சர்க்கரை என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் தவறு சொல்லவில்லை. மேலே சொன்ன இந்திய முறையில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வரையறையோ வெறும் வயிற்றில் தொடங்கும் சோதனைக்கானது. அதில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டினால் போதும். ஊருக்கு ஊர் புள்ளிவிவரம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் நிலையில் நானாக இருந்தால் உணவை ஒழுங்குபடுத்தி, இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பேன்.

கேள்வி: முதல் குழந்தை நான்கு கிலோவுக்கு மேல் பிறந்தது. அப்போது சர்க்கரை பார்க்கவில்லை.

பதில்: அந்த எடையே ஓர் ஆபத்து அறிகுறி. இம்முறை 24 வாரம் வரை காத்திருக்காமல், முதல் வருகையிலேயே பரிசோதனை கேளுங்கள். சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்குப் பின் மீண்டும் செய்ய வேண்டும்.

கேள்வி: பிரசவத்தோடு போய்விடும் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலோருக்கு அளவு இறங்கிவிடும். ஆயினும் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.