டெலிகிராமில் விற்ற காயினும் முடங்கிய கணக்கும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். சேர்த்து வைத்திருந்த யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) காயின்களைச் சென்ற ஆண்டு விற்றேன். தொழிலில் கூட்டாக இருக்கும் மைத்துனருக்குத் தெரிய வேண்டாம் என்று எக்ஸ்சேஞ்சில் விற்கவில்லை. சொந்த வாலெட்டுக்கு மாற்றி, டெலிகிராமில் பழக்கமான ஒருவருக்கு 6 தடவையாகக் கொடுத்தேன். மொத்தம் 2,60,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. 3 வெவ்வேறு பெயர்களில் வந்தது. கேட்டதற்கு "அண்ணன் அக்கவுண்ட்" என்றார். மார்க்கெட்டை விட காயினுக்கு 3 ரூபாய் கூடவே கொடுத்தார். இப்போது வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொன்னதாக வங்கி என் கணக்கை முடக்கிவிட்டது. புகார் 42,000 ரூபாய்க்குத்தான், உள்ளே 7,80,000 இருக்கிறது. மேனேஜர் கவுண்டரில் எல்லோர் முன்னாலும் "ஃப்ராட் கேஸ்" என்றார். மைத்துனருக்கும் தெரிந்துவிட்டது. என் அந்தரங்க உரிமை மீறப்பட்டதற்கு வங்கி மேல் வழக்குப் போடலாமா? டெலிகிராம் சாட்டை அழித்துவிட்டு, மீதிக் காயினை மிக்ஸர் (பலருடைய காயினைக் கலந்து தடத்தை மறைக்கும் சேவை) வழியாக வேறு வாலெட்டுக்கு மாற்றிவிடட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாட்டை அழிக்காதீர்கள். காயினைத் தொடாதீர்கள். இன்று இரவே டெலிகிராம் டெஸ்க்டாப்பில் போய் அந்த சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எதிராளி தன் பக்கத்திலிருந்தே இருவருக்கும் சேர்த்து அழித்துவிட முடியும். நீங்கள் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள்ளேயே அது நடக்கலாம்.

மேனேஜர் பேசியது தவறுதான், வருத்தம் புரிகிறது. அதை விடுங்கள். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அது எல்லையற்றது என்று அவர்கள் சொல்லவில்லை. சட்டப்படியான விசாரணைக்காக போலீஸ் கேட்கும் விவரத்தை வங்கி கொடுக்கத்தான் செய்யும். வங்கி மேல் வழக்குப் போட்டால் நீங்கள் 2 வருடம் அலைவீர்கள், கணக்கு அப்படியே கிடக்கும்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றே ஒன்றுதான்: பணம் 3 வேறு பெயர்களில் வந்தது. நடந்தது அநேகமாக இதுதான். மோசடிக்காரன் யாரோ ஒருவரிடம் "முதலீடு செய்யுங்கள்" என்று சொல்லி, பணம் போட வேண்டிய கணக்கு என்று உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறான். அவர் உங்களுக்கு ரூபாய் அனுப்பினார். நீங்கள் மோசடிக்காரனுக்குக் காயின் அனுப்பினீர்கள். ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்தபோது அவர் கையில் இருந்தது உங்கள் பெயர் மட்டும்தான். போலீஸ் பேச்சில் நீங்கள் 'முதல் லேயர்', அதாவது ஏமாந்தவரின் பணம் நேராக வந்து விழுந்த கணக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் ஏமாற்றிப் பெற்ற பணமும் திருட்டுச் சொத்துதான். தெரிந்து வாங்கினால் குற்றம். அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றம். அந்த 3 ரூபாய் அதிக விலையையும் "அண்ணன் அக்கவுண்ட்" பதிலையும் வைத்து, காரணம் இருந்தது என்றுதான் அரசுத் தரப்பு வாதிடும். அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில் அந்த சாட். நீங்கள் கேட்டீர்கள், அவன் பொய் சொன்னான், அந்தந்தத் தேதியில் நீங்கள் காயின் அனுப்பினீர்கள் என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

என்னிடம் வந்தவர்கள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இதற்குப் பிறகு செய்த காரியங்களில்தான். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏறக்குறைய உங்கள் கதைதான். கணக்கு முடங்கிய அன்றே பயந்துபோய் சாட்டை அழித்துவிட்டு, போனையும் ரீசெட் செய்துவிட்டார். நான்கு மாதம் கழித்து அந்த மாநிலப் போலீஸ் எதிராளியைப் பிடித்தது. அவன் போனில் அந்த உரையாடல் முழுசாக இருந்தது. அதில் என் கட்சிக்காரர் பேசியது எல்லாமே அவருக்குச் சாதகம்! ஆனால் ஐ.ஓ (விசாரணை அதிகாரி) கேட்டது ஒரே கேள்வி: "ஒன்றும் இல்லையென்றால் ஏன் அழித்தீர்கள்?" மின்னணுப் பதிவை சாட்சியாக வராதபடி அழிப்பது அதே சன்ஹிதாவின் 241-வது பிரிவில் தனிக் குற்றம். சாட்சியாக முடிய வேண்டியவர், ஜாமீனுக்கு அலைந்தார்.

மிக்ஸரும் அப்படித்தான். அமெரிக்கா 2022-ல் டொர்னாடோ கேஷ் என்ற மிக்ஸர் மேல் தடை போட்டு 2025-ல் எடுத்துவிட்டதே என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அது அங்கே. இங்கே, கணக்கு முடங்கியது தெரிந்த பிறகு காயின் மிக்ஸருக்குள் போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுப்பார்கள். பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் கிரிப்டோ பரிவர்த்தனைகளை 2023 மார்ச்சிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். எந்த எக்ஸ்சேஞ்சிலாவது அந்தக் காயின் மறுபடி தலை காட்டினால் அவர்களே மேலே சொல்வார்கள். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனமும் போலீஸ் கேட்டால் ஒரு முகவரியையே முடக்கிவிடும்.

அப்புறம், எதை மறைத்ததாக நினைக்கிறீர்கள்? நீங்கள் எழுதியிருந்த வாலெட் முகவரியை, காயின் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய டிரான்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து உள்ளே வந்தது, 6 தடவை வெளியே போனது, நேரம், தொகை, இன்று மீதி எவ்வளவு, எல்லாம் வரிசையாக நின்றது. ஒரே முகவரியை ஆறு தடவையும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தக் காயினை முதலில் அனுப்பிய எக்ஸ்சேஞ்சில் உங்கள் பான் எண்ணும் ஆதாரும் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்சிலேயே விற்றிருந்தால் மைத்துனருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, வாங்கியவனின் கேஒய்சியும் அவர்களிடம் இருந்திருக்கும்.

இனி உங்கள் அந்தரங்கத்தை எங்கே காக்கலாம் என்று சொல்கிறேன், அதற்கு இன்னும் இடமிருக்கிறது. போலீஸ் போனில் கேட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். பதிலில் அந்த 6 பரிவர்த்தனைகளின் ஹேஷ் (ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாளக் குறியீடு), அந்தந்தப் பணவரவின் வங்கிக் குறிப்பு எண், சாட்டின் நகல், இவ்வளவு போதும். மற்ற வாலெட்டுகளின் பட்டியலை யாரும் கேட்காமல் நீங்களாக நீட்ட வேண்டாம். 12 சொல்லோ 24 சொல்லோ, வாலெட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களான சீட் ஃப்ரேஸை யாருக்கும் கொடுக்காதீர்கள். வாட்ஸப்பில் வீடியோ காலில் வந்து "வெரிஃபிகேஷனுக்குக் காயினை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்பவன் போலீஸே கிடையாது. முடங்கிய கணக்குக்காரர்களைத் தேடிப்பிடித்து ஏமாற்ற ஒரு கூட்டமே இருக்கிறது. போனை ஒப்படைக்கச் சொன்னால் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

பின்தேதி போட்டு ஒரு விற்பனை ரசீது தயாரிக்கலாமா என்ற யோசனை யாராவது கொடுத்திருந்தால், அதையும் மறந்துவிடுங்கள். மனைவி பெயரில் புதுக் கணக்கு திறந்து வியாபார வரவைத் திருப்புவதும் வேண்டாம். அடுத்து முடங்குவது அந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

வரி விஷயத்தையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் கணக்கில் காட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். லாபத்துக்கு 30 சதவீதம். வாங்கியவன் பிடிக்க வேண்டிய 1 சதவீத டிடிஎஸ்ஸும் பிடிக்கப்பட்டிருக்காது. போலீஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளும் வருமான வரித்துறைக்குப் போகும் என்று நினைத்தே கொடுங்கள். அதற்கு முன் ஆடிட்டரிடம் உட்கார்ந்து ரிட்டர்னைச் சரிசெய்துவிடுங்கள்.

சரி, கணக்கு. புகார் 42,000-க்கு என்றால் 7,80,000 முழுவதையும் பிடித்து வைக்க நியாயமில்லை. சர்ச்சைத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி லியன் வைத்துக்கொண்டு மீதியை விடும்படி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே உத்தரவுகள் வந்திருக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள். சம்பள நாள் வருகிறது, தையல்காரர்கள் காத்திருப்பார்கள்.

அந்த 42,000-க்காகப் போராடாதீர்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், கொடுத்துவிடுங்கள். காயின் போயிற்று, பணமும் போகிறது, உங்கள் மேல் தப்பில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வேறு மாநிலத்துக்கு இரண்டு முறை ரயிலில் போய்வந்து அங்கே ஒரு வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்தால் அதைவிட அதிகம் ஆகும். ஏமாந்தவருக்கும் அது உழைத்த காசு. ஆனால் அவருக்கு நேரடியாக ஜிபே செய்யாதீர்கள், ஐ.ஓ சொல்லும் எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் வரும் மனுவில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் இந்தத் தொகையைப் புகார்தாரருக்கு விடுவிக்க ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் போடுங்கள். உத்தரவு நகலோடு வங்கிக்குப் போங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. புகார் கொடுத்திருப்பது மூன்று பெயர்களில் ஒருவர்தான். மற்ற இரண்டு பெயர்களிலும் உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது. அவர்களும் ஏமாந்தவர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் கணக்கு எண் மேல் வேறு எத்தனை புகார் பதிவாகியிருக்கிறது, எந்தெந்த மாநிலத்தில், என்ன ஒப்புகை எண் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு மனு போடலாம்.