நம்பர் பிளேட் கேமரா: வந்த கேள்விகள்ல சிலது

அமெரிக்கால ரோட்டோரம் நின்னு, போற வர்ற வண்டி நம்பர் பிளேட்ட தானா படிச்சு பதிவு பண்ற ஃபிளாக் கம்பெனி கேமரா (ஏஎல்பிஆர்னு சொல்றது இதத்தான்) பத்தி போன மாசம் ரெண்டு வரி எழுதினதுக்கு இன்பாக்ஸ் ரொம்பிருச்சு. பாதி பேர் ஒரே கேள்வி, அதனால சேத்து வச்சு பதில் சொல்றேன். ஏஎல்பிஆர்னா என்னன்னு திரும்ப ஆரம்பத்துல இருந்து விளக்க மாட்டேன்.

எங்க தெரு முக்குல சோலார் பேனல் வச்ச கருப்பு கேமரா ஒண்ணு வந்திருக்கு. ஸ்பீடு டிக்கெட் வருமா? (டல்லாஸ் பக்கம்)

வராது. உங்க ஸ்பீடு அதுக்கு எதுக்கு? நீங்க எப்ப எந்தப் பக்கம் போனீங்கன்றதுதான் வேணும்.

பிளேட் மேல அடிக்கற ஸ்ப்ரே ஆன்லைன்ல 20 டாலருக்கு கிடைக்குது, வேலை செய்யுமா? (டாம்பா)

ஃபுளோரிடால உக்காந்துகிட்டே இத கேக்கறீங்க பாருங்க. 2025 அக்டோபர்ல இருந்து அங்க பிளேட்ட மறைச்சா கிரிமினல் குத்தம். விசால இருக்கறவங்க மேல கிரிமினல் கேஸ் விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? அதுவும் போக கேமரா பிளேட்ட மட்டும் படிக்கல, வண்டி மாடல், கலர், மேல இருக்கற ரூஃப் ரேக், பின்னாடி ஒட்டின வேல் ஸ்டிக்கர் வரைக்கும் அதுக்கு அடையாளம்தான். ஸ்ப்ரே அடிக்காதீங்க, கேமரா கம்பத்துலயும் கை வைக்காதீங்க.

நான் தப்பே பண்ணல, எனக்கு என்ன பயம்? (இத மூணு பேர் கேட்டிருக்கீங்க)

2020ல கொலராடோ ஆரோரால ஒரு குடும்பமும் தப்பு பண்ணல. மொன்டானால திருடு போன ஒரு மோட்டார் சைக்கிள் நம்பரும் அவங்க கார் நம்பரும் ஒண்ணா இருந்துச்சு, ஸ்டேட்டு வேற, வண்டியே வேற, கேமரா சொன்னத யாரும் சரி பாக்கல. போலீஸ்காரங்க குழந்தைங்கள தார் ரோட்டுல குப்புற படுக்க வச்சு துப்பாக்கி நீட்டினாங்க. நாலு வருஷம் கழிச்சு சிட்டி கிட்டத்தட்ட 19 லட்சம் டாலர் குடுத்து செட்டில் பண்ணுச்சு. கன்சாஸ்ல ஒரு சின்ன ஊர் போலீஸ் சீஃப், பிரிஞ்சு போன கேர்ள்ஃப்ரெண்டையும் அவளோட புது ஆளையும் இந்த சிஸ்டத்துல 220 தடவைக்கு மேல தேடியிருக்காரு. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?

30 நாள்ல டேட்டா அழிஞ்சிடும்னு எங்க சீஃப் மீட்டிங்ல சொன்னாரு. அப்புறம் எதுக்கு இவ்ளோ சத்தம்? (நேப்பர்வில்)

இந்த 30 நாள் கதைய கேட்டாலே எனக்கு பத்திகிட்டு வரும். அழியறது கம்பெனி கிளவுட்ல இருக்கற காப்பி. அதுக்குள்ள எவனாவது தேடி எடுத்து கேஸ் ஃபைல்ல போட்டுட்டா அது அங்கயே கெடக்கும். சரி, 30 நாள்னே வச்சுக்குவோம், நியூ ஹாம்ப்ஷயர்ல தேடப்படாத வண்டின்னா மூணே நிமிஷத்துல அழிக்கணும்னு சட்டம் இருக்கே, அங்கயும் போலீஸ் வேலை நடந்துகிட்டுதான இருக்கு, உங்க ஊருக்கு மட்டும் ஏன் ஒரு மாசம் வேணும்?

நாள் கணக்கு கூட பெரிய விஷயம் இல்லீங்க, அந்த நாளுக்குள்ள யார் கை விட்டு தேடறாங்கன்றதுதான் விஷயம். நீங்க இல்லினாய்ஸ்தான? 2025 மே மாசம் டெக்சாஸ்ல ஒரு ஷெரிஃப் ஆபீஸ், அபார்ஷன் பண்ணிகிட்ட ஒரு பொண்ண தேடுறோம்னு காரணம் டைப் பண்ணி, நாடு முழுக்க 83 ஆயிரம் கேமரால தேடியிருக்கு. அந்தப் பொண்ணோட பாதுகாப்புக்காகத்தான்னு அப்புறம் சொன்னாங்க. தேடினதுல உங்க ஸ்டேட்டு மவுண்ட் ப்ராஸ்பெக்ட் கேமராவும் இருந்துச்சு. அபார்ஷனுக்கும் இமிக்ரேஷனுக்கும் இந்த டேட்டாவ வெளி ஸ்டேட்டுக்கு குடுக்கக் கூடாதுன்னு இல்லினாய்ஸ்ல சட்டம் 2024ல இருந்தே இருக்கு! சட்டம் பேப்பர்ல இருந்துச்சு, வெளியூர் போலீஸையும் தேட விடற ஷேரிங் ஸ்விட்ச் ஆன்ல இருந்துச்சு. உள்ளூர் திருட்டு பிடிக்கன்னு நம்ம வரிப் பணத்துல வச்ச கேமராவ ஆயிரம் மைல் தள்ளி இருக்கறவன் தொறந்து பாக்கறான், நம்ம சீஃபுக்கே தெரியல. அடுத்த மீட்டிங்ல 30 நாள்னு ஆரம்பிச்சாருன்னா, யார் எப்ப எதுக்கு தேடினாங்கன்ற பதிவு, அதான் ஆடிட் லாக், எங்கன்னு கேளுங்க. எத்தனை கேமரான்னு எண்ணிகிட்டு இருக்காதீங்க, ஆடிட் லாக்க கேளுங்க.

பொது ரோட்டுல போற காரை யாரும் பாக்கலாமே, சட்டத்துல தப்பு இல்லியே? (ரிச்மண்ட்)

ஒரு தடவை பாத்தா தப்பு இல்ல. உங்க ஸ்டேட்டு நார்ஃபோக் சிட்டில 170 சொச்சம் கேமரா, 2024ல கேஸ் போட்டவரோட வண்டி நாலரை மாசத்துல 500 தடவைக்கு மேல பதிவாயிருக்கு. செல்போன் டவர் டேட்டாவுக்கு வாரண்ட் வேணும்னு சுப்ரீம் கோர்ட் 2018ல சொன்ன மாதிரி இதுக்கும் சொல்லணும்னுதான் வாதம். எல்லா ஜட்ஜும் ஒத்துக்கல.

எங்க ஊர் கேமரா பத்தி எஃப்பிஐக்கு எஃப்ஓஐஏ (அரசு ஆவணம் கேக்கற மனு) அனுப்பினேன், பதிலே இல்ல. (ஆஸ்டின்)

கேமரா வச்சது சிட்டி, லெட்டர் போனது எஃப்பிஐக்கு. ஃபெடரல் எஃப்ஓஐஏ சிட்டிய கட்டுப்படுத்தாது சார், போன மாசமும் இதையேதான் எழுதினேன். டெக்சாஸ்ல பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட், சிட்டி கிளர்க்குக்கு அனுப்புங்க. காண்ட்ராக்ட், ஷேரிங் லிஸ்ட், ஆடிட் லாக், மூணும் தேதி போட்டு கேளுங்க. "எல்லா விவரமும் வேணும்"னு கேட்டா பில்தான் வரும்.

கேமரா வாங்கினது எங்க எச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்), சிட்டி இல்ல. (ஆல்ஃபரெட்டா)

அப்ப பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டம் உதவாது. போர்டு மினிட்ஸையும் காண்ட்ராக்டையும் வாங்கிப் படிங்க, போலீஸுக்கு ஷேர் ஆகுதான்னு பாருங்க. கேமராவுக்கு வருஷம் 3 ஆயிரம் டாலர்னு வைங்க, அது நீங்க சங்கத்துக்கு கட்டற டியூஸ்ல இருந்துதான் போகுது. வாட்ஸ்அப்ல பொலம்பறத விட்டுட்டு போர்டு மீட்டிங்குக்கு போங்க, போற பத்து பேர்ல நம்மாளுங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

எதிர்த்தா நிஜமாவே எடுப்பாங்களா?

எடுத்திருக்காங்க. ஆஸ்டின்ல 2025 ஜூன்ல நிறுத்தினாங்க, ஓக் பார்க்கும் எவன்ஸ்டனும் ஆகஸ்ட்ல. எவன்ஸ்டன்ல கழட்டின கேமராவ கம்பெனி திரும்ப மாட்டிட்டுப் போக, சிட்டி அது மேல பிளாஸ்டிக் பைய கவுத்து கட்டி வச்சுது. இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல 2010லயே இதே பை கூத்து நடந்துச்சு, முஸ்லிம்கள் அதிகமா இருக்கற ஏரியால தீவிரவாத தடுப்பு காசுல 200க்கு மேல கேமரா வச்சுட்டு, ஜனங்க கிளம்பினதும் மூடி, அப்புறம் மொத்தமா கழட்டினாங்க. ஆனா ஒரு விஷயம், எங்க ஊர்ல கேமரா வாங்கற தீர்மானம் கன்சென்ட் அஜெண்டால, அதாவது விவாதம் இல்லாம மொத்தமா பாஸ் பண்ற லிஸ்ட்ல, பார்க் பெஞ்சு பெயிண்ட்டோட சேந்து ஒரே ஓட்டுல பாஸ் ஆச்சு, நான் தூங்கிட்டேன். அஜெண்டா வர்ற அன்னிக்கே படிங்க.

கேமரா எங்கெங்க இருக்குன்னு காட்டற டிஃபிளாக் மேப்ல எங்க ஏரியால புள்ளியே இல்ல. தப்பிச்சோமா?

இல்ல. அங்க இன்னும் யாரும் போய் பாக்கலன்னு அர்த்தம். அந்த மேப்ல புள்ளி வைக்கறது உங்கள மாதிரி ஆளுங்கதான். சனிக்கிழமை ஒரு சுத்து நடந்து பாத்து நீங்களே வைங்க, கேமரா கம்பத்துல மட்டும் கை வைக்காம.