ப்ளூடூத் உள்ள காதுக் கருவி: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கருவி காதுக்குப் பொருந்துமா என்பதைவிடக் கைபேசிக்குப் பொருந்துமா என்பதையே கேட்கின்றன. இரண்டும் தேவையான கேள்விகள்தாம்; ஆனால் வரிசை மாறக் கூடாது. ஆடியோகிராம் (செவித்திறன் பரிசோதனையின் வரைபடம்) காட்டும் குறைபாட்டுக்கு ஏற்ற ஒலிப்பெருக்கம் தராத கருவி, எந்தக் கைபேசியோடு இணைந்தாலும் பயன்படாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கடிதங்களுக்கு வருகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு. 'ப்ளூடூத் உண்டு' என்று சொல்லித் தரப்பட்ட ஒரு ஜோடிக் கருவிகளை வாங்கினோம். அவருடைய ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள செயலியைக் கொண்டு கருவியின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ஆனால் அழைப்பு வந்தால் பேச்சு கருவிக்குள் வருவதில்லை. கருவி பழுதாகிவிட்டதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. செயலி கருவிக்கு அனுப்புவது 'ஒலியைக் கூட்டு', 'நிரலை (இடத்துக்கேற்ற ஒலி அமைப்பை) மாற்று' என்பன போன்ற சிறு கட்டளைகளை மட்டுமே. அதற்கு மிகக் குறைந்த மின்சாரமும் எளிய இணைப்பும் போதும். பேச்சையும் இசையையும் இடைவிடாமல் அனுப்புவது வேறு வேலை. அதற்குக் கருவியும் கைபேசியும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். 'ப்ளூடூத் உண்டு' என்ற சொல் இவ்விரண்டில் எதை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்பதால்தான் இத்தனை குழப்பம்.

இன்று புழக்கத்தில் உள்ள முறைகள் நான்கு. ஐபோனுக்கென ஆப்பிள் நிறுவனம் வகுத்த முறையில் இயங்கும் கருவிகள் 2014இல் விற்பனைக்கு வந்தன. ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் 2018இல் அறிவித்த 'ஆஷா' என்ற முறை, ஆண்ட்ராய்டு 10 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. ஆனால் பதிப்பு எண் இருந்தால் மட்டும் போதாது, கைபேசியைத் தயாரித்தவரும் அந்த வசதியைச் சேர்த்திருக்க வேண்டும். மூன்றாவது, சாதாரண இயர்போன்கள் பயன்படுத்தும் பழைய ப்ளூடூத் முறை. இதைக் கொண்ட காதுக் கருவிகள் பழைய பட்டன் கைபேசி உட்பட ஏறத்தாழ எல்லாவற்றோடும் இணையும், ஆனால் பேட்டரியைக் கூடுதலாகச் செலவழிக்கும். நான்காவது, 2020இல் அறிவிக்கப்பட்ட 'எல்.இ. ஆடியோ'. குறைந்த மின்சாரத்தில் தெளிவான ஒலி தருவது இதன் சிறப்பு. எதிர்காலம் இதன் பக்கம்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் இதற்குக் கைபேசியும் புதியதாக இருக்க வேண்டும்.

உங்கள் தந்தையின் கருவி இவற்றுள் முதல் வகையாக இருக்கக்கூடும். அல்லது ஆஷா வகையாக இருந்து, கைபேசி அதை ஆதரிக்காததாக இருக்கலாம். கருவியின் மாதிரிப் பெயரைத் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடினால் இது தெரிந்துவிடும். பொருந்தாது என்று உறுதியானால் கைபேசியையோ கருவியையோ உடனே மாற்ற வேண்டியதில்லை. அதே தயாரிப்பாளர், சட்டையில் செருகிக்கொள்ளும் அல்லது கழுத்தில் அணியும் ஓர் இடைச்சாதனத்தை விற்கக்கூடும். அது கைபேசியோடு பழைய ப்ளூடூத்தில் பேசி, பெற்ற ஒலியைக் கருவிகளுக்குத் தன் வழியில் அனுப்பும். கூடவே ஒரு சாதனத்தைச் சுமந்து திரிவது சிலருக்குப் பிடிக்காது என்பதை அறிவேன். ஆயினும் அதில் பெரிய பொத்தான் இருப்பதால், தொடுதிரையில் தடுமாறும் முதியவர்களுக்கு அதுவே வசதியாகவும் அமைவதுண்டு.

இனி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் கைபேசியைக் கருவி பொருத்துமிடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கேயே இணைக்கச் சொல்லி, வீட்டிலுள்ள ஒருவரை அழைக்கச் செய்து, இரண்டு காதிலும் குரல் வருகிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: ஐபோனின் ப்ளூடூத் பட்டியலில் என் கருவிகள் தென்படவே இல்லை. எத்தனையோ முறை முயன்றுவிட்டேன்.

தேடும் இடம் தவறு. ஐபோன் முறையில் இயங்கும் கருவிகளை அமைப்புகளில் உள்ள அணுகல்தன்மை (அக்சஸிபிலிட்டி) பகுதிக்குச் சென்று, 'கேட்கும் சாதனங்கள்' என்ற தலைப்பின் கீழ் இணைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல கருவிகள், அணைத்து மீண்டும் இயக்கிய முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே இணைப்புக்குத் தயாராக இருக்கும். ஆகவே முதலில் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள். ரீசார்ஜ் வகையாயின் சார்ஜரில் வைத்து எடுங்கள். முன்பு இணைந்திருந்த வேறொரு கைபேசியோ டேப்லெட்டோ அருகில் இருந்தால், அது முந்திக்கொள்ளாமல் இருக்க அதன் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அழைப்பில் எதிர்முனையில் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் என் குரல் அவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறதாம். கைபேசி என் பையில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே விடை உள்ளது. சில கருவிகள் ஒலியைப் பெறுமே தவிரத் திருப்பி அனுப்புவதில்லை. உங்கள் குரலைக் கைபேசியின் மைக்தான் எடுக்கிறது. அது பைக்குள் இருந்தால் துணிக்கு அப்பாலிருந்து கேட்பது போலத்தான் இருக்கும். கைபேசியை வெளியே எடுத்து, மைக் உள்ள அடிப்பக்கத்தை வாய்க்கு அருகே வைத்துப் பேசுங்கள். கருவியின் மைக்கே உங்கள் குரலை எடுத்து அனுப்பும் வகைகளும் உண்டு. வேலைக்கிடையே பேச வேண்டியவர்கள் வாங்கும்போதே இதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தொலைக்காட்சியின் சத்தத்தை நான் கூட்டுகிறேன், வீட்டில் மற்றவர்கள் குறைக்கிறார்கள். கருவியைத் தொலைக்காட்சியோடு நேரடியாக இணைக்க முடியுமா? ஒருமுறை முயன்றபோது உதடு அசைந்த பிறகே சொல் வந்தது.

பழைய ப்ளூடூத் வழியே வரும் ஒலி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாமதமாவதுண்டு. இசைக்கு அது பொருட்டில்லை. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கமுள்ள நமக்கு அது பெரும் இடையூறு. அதோடு, காதுத் துளையை முழுதாக அடைக்காத திறந்த முனையை அணிந்திருந்தால், அறையில் ஒலிக்கும் சத்தம் முதலிலும் கருவி வழியே வருவது பின்னாலுமாக, ஒரே சொல் இரண்டு முறை கேட்கும்.

ஆகவே கருவியின் தயாரிப்பாளரே விற்கும் தொலைக்காட்சி அனுப்பியை வாங்குவது நல்லது. தாமதத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைப்பதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் அனுப்பி இன்னொன்றின் கருவிக்குப் பொதுவாகப் பொருந்தாது. அதைத் தொலைக்காட்சியின் ஹெட்போன் துளையில் செருகினால் பல பெட்டிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும், வீட்டில் புதிய சண்டை தொடங்கும். ஆப்டிகல் துளையில் செருகுங்கள். அப்போது மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய அளவில் கேட்கலாம், நீங்கள் உங்களுக்கு வேண்டிய அளவில் கேட்கலாம். செருகியும் ஒலி வராவிட்டால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு 'டால்பி' என்று இருக்கிறதா என்று பார்த்து, அதைப் 'பி.சி.எம்.' என்று மாற்றுங்கள். பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படும் அனுப்பிகளில் சில, இந்த ஒரு மாற்றத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

கேள்வி: கைபேசி வழியே பாட்டுக் கேட்டால் தகர டப்பாவில் தட்டுவது போல் உள்ளது. விலை உயர்ந்த கருவிதான்.

குறை கருவியில் இல்லை, காதுக்குள் செருகும் முனையில் உள்ளது. திறந்த முனையின் இடைவெளி வழியே தாழ்ந்த ஒலிகள் வெளியேறிவிடுவதால் மிருதங்கத்தின் தொப்பி காணாமற்போய் வலந்தலை மட்டும் மிஞ்சுகிறது. மூடிய முனையோ உங்கள் காதுக்கென வார்த்த அச்சோ இதைச் சரிசெய்யும். ஆனால் தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்கிறவருக்குக் காதை அடைத்தால், தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல் ஒலிக்கும். நாள் முழுதும் அந்த அடைப்பைத் தாங்குவதா, அரைமணி நேரப் பாட்டுக்காக அதை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் பேச்சுக்கே முன்னுரிமை தந்து, பாட்டுக்குக் கருவியைக் கழற்றிவிட்டுக் காதை மூடும் பெரிய ஹெட்போனை அளவான ஒலியில் பயன்படுத்துவேன்.

கேள்வி: வெளியே தெரியாத மிகச் சிறிய கருவியே வேண்டும். அதில் கைபேசி இணைப்பு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. காதுத் துளைக்குள் ஆழமாக அமரும் கருவியில் ஆன்டெனாவுக்கும் போதிய பேட்டரிக்கும் இடமில்லை. போதாக்குறைக்கு, ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் நிறைந்த நம் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. காதுக்குப் பின்னால் அமரும் சிறு கருவி ஒரு முழத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக்கூட எளிதில் தெரிவதில்லை. தலைமுடிக்கு ஏற்ற நிறத்தில் ஒன்றை அணிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கூட்டங்களிலும் வகுப்புகளிலும் கைபேசி இணைப்பு எப்படி உதவும்?

கைபேசி பெரிதாக உதவாது. தனி மைக் உதவும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. பேசுபவரின் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் சட்டையில் குத்திய மைக்கையும், 3.2 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் உங்கள் காதையும் ஒப்பிட்டால், இடையில் தொலைவு நான்கு முறை இரட்டிப்பாகிறது. அதாவது 24 டெசிபெல் வேறுபாடு. சுவர்களின் எதிரொலியால் அறைக்குள் இந்தக் கணக்கு சற்று மாறும் என்றாலும், இரைச்சலைக் குறைக்கும் எந்த மென்பொருளும் இந்த ஆதாயத்துக்கு ஈடாகாது. கருவியில் 'டெலிகாயில்' என்ற சிறு கம்பிச்சுருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேடையின் ஒலியைக் காந்தப்புலமாக அனுப்பும் தூண்டல் வளையம் அமைத்த அரங்குகளில் எந்த இணைப்பும் செய்யாமல் நிரலை மாற்றினாலே மேடையின் ஒலி காதுக்கு வந்துவிடும். எல்.இ. ஆடியோவின் பகுதியான 'ஆராகாஸ்ட்' இதே வேலையைப் புதிய வழியில் செய்கிறது. ஆனால் அரங்குகள் அதற்கு மாறி முடியும் வரை டெலிகாயிலைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. காரணம் என்ன?

கைபேசி ஒலியை நாளெல்லாம் கருவியில் கேட்டால் மின்சாரம் கூடுதலாகவே செலவாகும். செய்தி அறிவிப்பு ஓசைகளும் கருவிக்கு வருமாறு அமைந்திருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். மாற்றும் பேட்டரியாக இருந்தால், ஒட்டுத்தாளை உரித்தபின் உடனே கதவை மூடாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்பட விடுங்கள். துத்தநாகம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தே மின்சாரம் தருகிறது. உரித்த தாளைத் திரும்ப ஒட்டினால் பேட்டரியின் ஆயுள் மீளாது.

கேள்வி: எனக்கு இதய பேஸ்மேக்கர் உள்ளது. இத்தகைய கருவியை அணியலாமா?

காதில் அணியும் கருவியைப் பொதுவாக அணியலாம். அதிலிருந்து வெளிப்படும் ஆற்றல் மிகக் குறைவு. கவனிக்க வேண்டியவை மார்புக்கு அருகே வரும் துணைச்சாதனங்கள்: கழுத்தில் தொங்கும் அனுப்பி, சட்டைப்பையில் வைக்கும் மைக், காந்தம் உள்ள சார்ஜர் பெட்டி. இவற்றுக்குக் கையேட்டில் சொல்லப்பட்டுள்ள இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். வாங்கும் முன் கையேட்டை இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.